குற்றத்தின் எடையை எதைக் கொண்டு நிறுப்பது?

ஊரில் ஒருவர் மீது போலீஸ் வழக்கு என்று செய்தி பரவினால் உடனே இருவகைப் பேச்சு கிளம்புவதை நாம் காண்கிறோம். "கேஸ் போட்டாகிவிட்டது, இனி அவன் குற்றவாளிதான்" என்பார் ஒரு சாரார். மறுநாளே அவர் ஜாமீனில் வந்துவிட்டால், "பார்த்தீர்களா, ஒன்றுமில்லாத கேஸ்" என்பார் இன்னொரு சாரார். முன்னவர்கள் ஒரு குடும்பத்தின் மானத்தை ஒரே இரவில் பறித்துவிடுகிறார்கள். பின்னவர்கள் செய்த தவறைத் தூசி தட்டுவதுபோல் தட்டிவிடுகிறார்கள். இரண்டுமே அறியாமையிலிருந்து பிறப்பவை. குற்றச்சாட்டு என்பது என்ன, குற்றங்களைச் சட்டம் எப்படித் தரம் பிரிக்கிறது, அந்தத் தரத்திற்கும் அல்லாஹ்விடம் உள்ள கணக்கிற்கும் என்ன உறவு என்பதைச் சற்றுப் பொறுமையாக நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே இரவு, நான்கு பெயர்கள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில், பொன்னேரியைக் கடந்தால் வருவது கவரைப்பேட்டை. சிப்காட் ஆலைகளுக்குச் செல்லும் தொழிலாளர்கள் அன்றாடம் கடந்து செல்லும் ஊர் அது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி அளவில், மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ் அங்கே விபத்துக்குள்ளானது. மெயின் லைனில் செல்வதற்கு சிக்னல் கிடைத்திருந்தும், வண்டி லூப் லைனில் திரும்பி, அங்கே நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன. தீயும் பிடித்தது. 19 பேர் காயமடைந்தனர். இறையருளால் ஓர் உயிரும் போகவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருட்டில் ஓடிவந்து, மதம் பாராமல், மொழி பாராமல் பயணிகளை இறக்கிக் காப்பாற்றினார்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர். ரயில் பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்தினார். தேசியப் புலனாய்வு முகமையின் அதிகாரிகளும் வந்து பார்த்தனர். தண்டவாளம் பிரியும் இடத்தில் இருக்க வேண்டிய போல்ட்டுகளும் நட்டுகளும் கழன்று கிடந்ததாகச் செய்திகள் வந்தன. ஆணையரின் விசாரணை, யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்னும் பக்கம் சென்றதாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின.

இந்த நிகழ்ச்சியை நாம் எடுத்துக்கொண்டது விபத்தை வர்ணிப்பதற்கு அன்று. கண்ணால் கண்டது ஒன்றே: மோதிய வண்டி, கவிழ்ந்த பெட்டிகள், காயம்பட்ட மனிதர்கள். ஆனால் அதற்குச் சட்டம் நான்கு வேறு பெயர்களைச் சூட்டக்கூடும் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

இயந்திரம் தானாகப் பழுதாகி, எவருடைய கவனக்குறைவும் இல்லாமல் நடந்திருந்தால் அது விபத்து, குற்றமே அல்ல. ஒருவர் கவனக்குறைவாகச் செய்த அல்லது செய்யாமல் விட்ட காரியத்தால் பயணிகளுக்கு ஆபத்து நேர்ந்திருந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 154-வது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே, வேண்டுமென்றே செய்த ஒரு செயலால் அல்லது கடமை தவறியதால் ஆபத்து நேர்ந்திருந்தால் 153-வது பிரிவு; ஐந்தாண்டு வரை சிறை. வண்டியைக் கவிழ்க்கும் கெட்ட எண்ணத்தோடு தண்டவாளத்தைக் கழற்றியிருந்தால் 150-வது பிரிவு. ஆயுள் சிறை, அல்லது பத்தாண்டு வரை கடுங்காவல். கொல்லும் நோக்கத்தோடு அதைச் செய்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டிருந்தால் மரண தண்டனை வரை செல்லலாம்.

ஒன்றுமில்லாமையிலிருந்து ஆயுள் சிறை வரை எத்தனை தூரம்! உடைந்த இரும்பு அதே இரும்பு, காயமும் அதே காயம். மாறியது ஒன்றுதான். அது கழற்றியவனின் உள்ளத்தில் இருந்தது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், செயல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்று போதித்ததும், அந்த ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பின் முதல் ஹதீஸாக வைத்ததும் நாம் அறிந்ததே. தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டுமே அது சொல்லப்பட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உலகத்தின் நீதிமன்றங்களும் அதே வாசலின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன.

படிகள் எதற்கு?

1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. வழக்கை நடத்தும் முறையைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வகுக்கிறது. பெயர்களும் எண்களும் மாறினாலும் தரம் பிரிக்கும் அடிப்படை பெரிதும் மாறவில்லை. அதை மூன்று கேள்விகளாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, போலீஸார் தாமாகவே நடவடிக்கை எடுக்கலாமா என்பது. கொலை, கொள்ளை, திருட்டு, பலாத்காரம் போன்றவற்றில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸார் வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். பிடியாணை இன்றிக் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. அவதூறு போன்ற குற்றங்களில் அந்த அதிகாரம் இல்லை. நீதிமன்றத்தை அணுக வேண்டும். முதல் வகைக் குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. சிலவகைப் புகார்களில் பதிவு செய்யுமுன் ஒரு பூர்வாங்க விசாரணைக்கு மட்டும் இடமுண்டு.

இரண்டாவது, ஜாமீன் உரிமையா, நீதிபதியின் விருப்புரிமையா என்பது. சிறு குற்றங்களில் ஜாமீன் கேட்பவருக்கு அது உரிமை. பெருங்குற்றங்களில் நீதிமன்றம் ஆராய்ந்து கொடுக்கலாம், மறுக்கலாம். "ஜாமீனில் விட முடியாத குற்றம்" என்று பேச்சு வழக்கில் சொல்வதைக் கேட்டு, ஜாமீனே கிடைக்காது என்று வீட்டுப் பெண்கள் கதறி அழுவதுண்டு. அப்படியல்ல. நீதிபதி கொடுத்தால் உண்டு என்பதே அதன் பொருள். ஜாமீன் கிடைத்தால் நிரபராதி என்பதும் அதன் பொருள் அல்ல. ஜாமீன் என்பது விசாரணைக்கு வந்து நிற்பேன் என்ற உறுதிமொழிதான்.

மூன்றாவது, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பது. இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட் ஓராண்டு வரையும், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்றாண்டு வரையும், தலைமை மாஜிஸ்திரேட் ஏழாண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம். கொலை போன்றவை செஷன்ஸ் நீதிமன்றத்துக்குச் செல்லும். பொதுவாக, மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரியவை எளிய படியிலும், மூன்று முதல் ஏழாண்டு வரை உள்ளவை நடுப்படியிலும், அதற்கு மேற்பட்டவை உயர்ந்த படியிலும் நிற்கின்றன. விதிவிலக்குகள் உண்டு, சட்டத்தின் அட்டவணையைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

உலகத்தில் இந்தப் பிரிவினை பலவாறு உள்ளது. பிரெஞ்சுச் சட்டம் குற்றங்களை மூன்று தட்டுகளாகப் பிரிக்கிறது. அமெரிக்காவில் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்ற இரு பெரும் பிரிவு இன்றும் உண்டு. அந்தப் பிரிவைப் பெற்றெடுத்த இங்கிலாந்தோ 1967-லேயே அதைக் கைவிட்டது. ஆயினும் குற்றங்களுக்கு எடை உண்டு, எல்லாவற்றையும் ஒரே தராசில் போடலாகாது என்பதில் எந்த நாட்டாரும் மாறுபடவில்லை.

ஏன் இந்தப் படிகள்? சிறு தவறுக்குப் பெருந்தண்டனை கொடுத்தால் அது அநீதி என்பது வெளிப்படை. இன்னொரு காரணமும் உண்டு. கோழி திருடியவனுக்கும் கொலை செய்தவனுக்கும் ஒரே தண்டனை என்றால், திருட வந்தவன் கண்ட சாட்சியைக் கொன்றுவிட்டுப் போவதில் அவனுக்கு என்ன நஷ்டம்? தரம் பிரிப்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அடுத்த படியில் காலை வைக்காதே என்று அவனுக்கு இடப்படும் வேலி. புதிய சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடித் தண்டனை பெறுபவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவை விதிக்கப்படுவதும் இந்தக் கருத்தில் எழுந்ததே.

எண்ணமா, விளைவா?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. எண்ணம்தான் எடை என்றால், விளைவுக்கு இடமில்லையா?

சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஷிப்ட் முடிந்த நேரத்தில் இரு ஓட்டுநர்கள் ஒரே வேகத்தில், ஒரே அலட்சியத்தில், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நலமாக வீடு சேர்ந்து இஷாத் தொழுது உறங்கிவிடுகிறார். மற்றவருக்கு முன்னால் ஒரு சிறுவன் சாலையைக் கடக்கிறான். முதலாமவரின் மீது வழக்கே இல்லை. இரண்டாமவரின் மீது, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக மட்டும் என்றால் மூன்று மாதம் வரை; காயம் என்றால் ஆறு மாதம் வரை; கொடுங்காயம் என்றால் மூன்றாண்டு வரை; மரணம் என்றால் ஐந்தாண்டு வரை சிறை. இருவரின் உள்ளத்திலும் ஒரே அலட்சியம்தான் இருந்தது. தண்டனையை வேறாக்கியது அந்தச் சிறுவன் அந்த நொடியில் வந்தது. இது நியாயமா?

இதற்கு விடை தேடும்போது திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் 92, 93-ஆம் வசனங்கள் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். வேண்டுமென்றே கொல்பவனுக்கு நரகத்தின் கடும் எச்சரிக்கை வருகிறது. தவறுதலாகக் கொன்றவனுக்கோ அந்த எச்சரிக்கை இல்லை. ஆனால் அவனை "போய் வா" என்று விட்டுவிடவும் இல்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் என்னும் இழப்பீடு. அதோடு ஓர் அடிமையை விடுதலை செய்தல். இயலாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு. எண்ணமே இல்லாத ஒரு செயலுக்கு இரண்டு மாத நோன்பு எதற்கு? ஓர் உயிர் போயிருக்கிறது; அது யாருக்கும் தெரியாமல் காற்றில் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக. கொன்றவனைத் தாழ்த்துவதற்காக அன்று, போன உயிரை உயர்த்துவதற்காகவே அந்தக் கஃப்பாரா என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

ஆக, எடையில் இரண்டு தட்டுகள் உள்ளன. எண்ணம் செய்தவனின் பாவத்தைக் காட்டுகிறது. விளைவு பாதிக்கப்பட்டவனின் உரிமையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் நாம் குழம்புகிறோம். ஃபிக்ஹு அறிஞர்கள் இதனைத் தெளிவாகப் பிரித்தார்கள். கொலையை ஷாஃபிஈ மத்ஹபினர் மூன்றாக வகுத்தார்கள்: வேண்டுமென்று செய்தது, வேண்டுமென்று செய்ததைப் போன்றது, தவறுதலாக நேர்ந்தது. ஹனஃபி மத்ஹபினர் அதனை மேலும் நுணுக்கி ஐந்தாக்கினார்கள். கையால் அடிக்க ஓங்கியவன் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் அடி பட்டு ஒருவன் இறந்துவிட்டான். இது முழுக் கொலையும் அல்ல, முழு விபத்தும் அல்ல. இந்த நடு நிலையை நம் நாட்டுச் சட்டமும், கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்று தனியாக வைத்திருக்கிறது.

வீடு சேர்ந்து உறங்கிய முதல் ஓட்டுநரின் கதை என்ன? சட்டம் அவரைத் தேடி வராது. அவருடைய கணக்கு மூடிவிட்டதா? சாலையில் நடப்பவர்களின் உயிர் அவர் கையில் ஓர் அமானிதமாக இருந்தது. அதில் அவர் தவறிவிட்டார். எவருக்கும் காயம்படாதது அவருடைய நேர்மையால் அன்று, அல்லாஹ்வின் கருணையால். தண்டனை வராததைத் தம் குற்றமின்மைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்பவர் நாளையும் அப்படித்தான் ஓட்டுவார்.

பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ரயில் பாதையோரம் விளையாடும் பிள்ளைகள் ஓடும் வண்டியின் மீது கல்லெறிவதும், தண்டவாளத்தில் பொருள்களை வைத்து வேடிக்கை பார்ப்பதும் உண்டு. பயணிகளுக்கு ஆபத்து என்று தெரிந்தே ரயிலின் மீது கல்லெறிவது ரயில்வே சட்டத்தின் 152-வது பிரிவில் ஆயுள் சிறை வரை செல்லக்கூடிய குற்றம். சிறுவர்களுக்குத் தனிச் சட்டமும் தனி விசாரணை முறையும் உண்டு என்பது வேறு. நாம் விளையாட்டு என்று நினைப்பதைச் சட்டம் எந்தப் படியில் வைத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நம் கடமையல்லவா?

குற்றச்சாட்டு தீர்ப்பல்ல

முதல் தகவல் அறிக்கை என்பது பெயரே சொல்வதுபோல் முதல் தகவல்தான். அதிலிருந்து விசாரணை, பின்னர் குற்றப்பத்திரிகை, அதன் பின்னர் நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டுக் குற்றச்சாட்டு வனையும், பின்னர் சாட்சி, இறுதியில் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை நீதிமன்றம் மாற்றலாம். மேலே ஏறலாம், கீழே இறங்கலாம்.

ஒடிசாவில் பாலசோர் அருகே 2023 ஜூன் 2-ஆம் தேதி நடந்த ரயில் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் கீழ்ப்படியில்தான் வழக்குத் தொடங்கியது. அன்றைய சட்டத்தில் அதற்கு இரண்டாண்டுதான் உச்சம். விசாரித்த சி.பி.ஐ. ரயில்வே ஊழியர்கள் மூவரைக் கைது செய்தபோது, கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்னும் மேற்படிக்கு வழக்கு ஏறியிருந்தது.

அந்த விபத்தின் மறுநாளே நாட்டில் இன்னொரு விசாரணையும் நடந்தது. கைப்பேசிகளில் நடந்த விசாரணை அது. விபத்து நடந்த இடத்தருகே பள்ளிவாசல் இருக்கிறது என்று ஒரு படம் பரவியது. அது உண்மையில் ஒரு கோயில். முஸ்லிம் பெயர் கொண்ட நிலைய அதிகாரி தலைமறைவாகிவிட்டார் என்று இன்னொரு செய்தி பரவியது. அதுவும் பொய். ஒடிசா போலீஸார் மத வெறுப்பைக் கிளப்பும் வதந்திகளைப் பரப்ப வேண்டாமென்று எச்சரிக்க நேர்ந்தது. சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை. கீழ்ப்படிகள் எதிலும் காலை வைக்காமல், ஒரு சமுதாயத்தையே நேராக மேற்படிக்கு ஏற்றிவிட்டார்கள்.

அது நமக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வலி நமக்குக் கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்றிருக்கிறது. அடுத்த தெருப் பையனைப் பற்றி, வேறு சமுதாயத்துக் கடைக்காரரைப் பற்றி, போலீஸ் ஜீப் வந்து நின்ற வீட்டைப் பற்றி, அதே அநியாயத்தை நாம் செய்யாமல் இருக்கிறோமா? கவரைப்பேட்டை விபத்திலும் ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நாசவேலை என்று ஓர் அதிகாரி முடிவு செய்வது, என்ன நடந்தது என்பதற்கான விடை. யார் செய்தது என்பதற்கான விடை அது அல்ல. அந்த இரண்டாவது விடையை நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கொண்டுதான் அடைய முடியும். முதலாவது தெரிந்தவுடன் இரண்டாவதையும் தெரிந்ததாக நாம் பேசத் தொடங்குவதே வதந்தியின் பிறப்பிடம்.

மதீனாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. பெயர்களில் சிறு வேறுபாடு இருந்தாலும் செய்தி ஒன்றே. முஸ்லிம் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் ஒரு கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதரின் மேல் சுமத்தினான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினார்கள். பொருளும் யூதரிடத்தில் கிடைத்தது. அப்போதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதல் வரும் வசனங்கள் இறங்கி, அந்த யூதரின் நிரபராதத்தை உறுதி செய்தன. தன் குற்றத்தை நிரபராதியின் மேல் வீசுபவன் பெரும் பாவத்தைச் சுமக்கிறான் என்று அங்கே எச்சரிக்கப்படுகிறது. நம்மவன் என்பதற்காக ஒருவன் பக்கம் சாய்வதும், நம்மவன் அல்லன் என்பதற்காக ஒருவனைக் குற்றவாளியாக்குவதும் ஒரே நோயின் இரு முகங்கள்.

ஐயம் இருக்கும் இடத்தில் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற விதி. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பெரும் பஞ்சம் வந்த ஆண்டில் திருட்டுக்கான தண்டனையை நிறைவேற்றவில்லை என்று வரலாறு கூறுகிறது. திருட்டு நடக்கவில்லை என்பதால் அன்று. பசியின் கொடுமை அந்தச் செயலின் எடையையே மாற்றிவிட்டது என்பதால்.

மஹல்லா செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

குற்றங்களுக்குள் இன்னொரு பிரிவினையும் உண்டு. சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரும் எதிரியும் இணங்கிச் சமாதானமாகலாம். சிறு கைகலப்பு, சிறு காயம், அவதூறு முதலியன இந்த வகை. இங்கே ஜமாஅத்தின் பெரியவர்கள் இரு வீட்டாரையும் உட்கார வைத்து மனத்தாங்கலைத் தீர்ப்பது நல்ல அமல். கோர்ட் படிக்கட்டுகளில் ஆண்டுகள் கழிவதைத் தடுக்கும் உதவி.

ஆனால் எல்லாவற்றையும் பள்ளிவாசலின் வராந்தாவில் பேசித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது பெரும் ஆபத்து. ஒரு குழந்தையின் மீது பாலியல் கொடுமை நடந்திருக்கிறது. "குடும்ப மானம் போய்விடும், பெண் பிள்ளையின் வாழ்வு என்னாவது" என்று பேசி முடித்துவிடுகிறார்கள் என்றால், அது சமாதானம் அன்று. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அக்குற்றம் தெரிந்தும் போலீஸாருக்குத் தெரிவிக்காமல் இருப்பதே ஒரு குற்றம். வரதட்சணைக்காக மருமகளைத் துன்புறுத்துவதும் மூன்றாண்டு வரை சிறைக்குரியது. இணங்கித் தீர்க்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. திருமணமாகி ஏழாண்டுக்குள் அவள் அந்தக் கொடுமையினால் மாண்டாலோ, குறைந்தது ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறை. வலியவனுக்கும் எளியவளுக்கும் இடையில் "இருவரும் விட்டுக்கொடுங்கள்" என்று சொன்னால் விட்டுக்கொடுப்பது எப்போதும் எளியவள்தான். எளியவளின் உரிமையை அவளிடமே கேட்காமல் தள்ளுபடி செய்ய நம்மில் எவருக்கும் அதிகாரமில்லை.

வழக்கில் சிக்கிய குடும்பத்துக்கு மஹல்லா செய்யக்கூடிய உண்மையான உதவிகள் வேறு உள்ளன. எந்தப் பிரிவு என்று முதலில் கேட்டறிய வேண்டும். கைதானவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் உடனே கைது செய்யாமல், முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைப்பதே பொது முறையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வலியுறுத்தியது. குற்றப்பத்திரிகை 60 நாளில், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் 90 நாளில் வராவிட்டால், சிறையிலிருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். வக்கீலுக்கு வசதியில்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமலே அந்த உதவி கிடைக்கும்.

இரு தராசுகள்

இறுதியாக ஒன்று. சட்டத்தின் தராசும் மார்க்கத்தின் தராசும் எப்போதும் ஒரே எடையைக் காட்டுவதில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் அவதூறு ஒரு கீழ்ப்படிக் குற்றம், இரண்டாண்டு வரை எளிய சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை, ஜாமீனும் உரிமை. ஆனால் பத்தினிப் பெண்களின் மீது நான்கு சாட்சிகள் இல்லாமல் பழி சுமத்துவதைத் திருமறை, எல்லை வகுக்கப்பட்ட கடும் குற்றங்களின் வரிசையில் வைத்தது. அப்படிப் பேசியவனின் சாட்சியமே இனி ஏற்கப்படாது என்றது. சட்டத்தில் எளிதாகத் தோன்றும் ஒரு நாவின் குற்றம் அங்கே எவ்வளவு கனக்கிறது பாருங்கள். இமாம் தஹபி (ரஹ்) போன்ற பெரியார்கள் பெரும் பாவங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்கள். ஆயினும் சிறு பாவத்தை விடாப்பிடியாகச் செய்தால் அதுவும் பெரிதாகிவிடும் என்று உலமாக்கள் எச்சரிக்கத் தவறவில்லை.

ஆகவே பிறர் மீது குற்றச்சாட்டு எழும்போது நாம் சட்டத்தின் தராசைப் பின்பற்ற வேண்டும். சாட்சி வரும் வரை நிரபராதி. பிரிவு என்னவோ அந்த எடைதான். ஒரு குண்டுமணியும் கூடுதலாக வைக்கலாகாது. நம்மை நாமே நிறுத்துக்கொள்ளும்போது மட்டும் மற்றத் தராசை எடுக்க வேண்டும். அங்கே சாட்சி தேவையில்லை, பிரிவு எண் தேவையில்லை, யாருக்கும் தெரியாமல் போன அலட்சியமும் எழுதப்பட்டிருக்கும். நாம் பெரும்பாலும் செய்வது இதற்குத் தலைகீழ். அண்டை வீட்டுக்காரரை நிறுக்க மறுமையின் தராசைத் தூக்குகிறோம். நம்மை நிறுக்கும்போது "கேஸ் ஒன்றும் இல்லையே" என்கிறோம்.

தராசுகளை இடம் மாற்றிப் பிடிக்காத நீதியையும், கேட்டதையெல்லாம் பரப்பாத நாவடக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.